கடைசியாகப் பிறந்தநாள் கொண்டாடியவர்

— அதெல்லாம் இருக்கட்டும்மா. பதிவு பண்ணுங்க, பண்ணாமப் போங்க, எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல. நேரா கேள்விக்கு வாங்க. கோடைக்காலத்துலருந்து இந்த ஒரு போனுக்காகத்தான் உக்காந்திருக்கேன்.

— ரொம்ப சந்தோஷம் சார். வழக்கமா நான் ரொவீனான்னு என் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே வெச்சிடுவாங்க. கருத்துக்கணிப்புன்னு சொன்னா திட்டிட்டு வெப்பாங்க.

— வைக்கிறவன் மடையன். எதிர்வீட்டு லிண்ட்குவிஸ்ட்டுக்கு ரெண்டு தடவை வந்துச்சு, தெரியுமா? ரெண்டு தடவை! அவனுக்கு எதைப் பத்தியாவது சொந்தமா ஒரு கருத்து உண்டா? எனக்கு ஒண்ணு கூட வரல. நம்பர் ஏதாவது தப்பா இருக்கான்னு போன் கம்பெனிக்கே கேட்டுட்டேன். சரி, எழுதிக்கோங்க, ஆர்டன் க்ரூகர். கே, ஆர்...

— பேர் வேண்டாம் சார். பேர் நாங்க வாங்கக் கூடாது. விஸ்கான்சின் வாக்காளர்கள்கிட்ட ஜனாதிபதி தேர்தலைப் பத்திக் கேக்கறோம், அவ்வளவுதான். முதல்ல ஒரு சின்ன விஷயம். உங்க வீட்ல பதினெட்டு வயசு முடிஞ்சவங்க எத்தனை பேர் இருக்கீங்க?

— ரெண்டு. நானும் என் பொண்டாட்டியும். பையன் அரிசோனாவுல இருக்கான், அவன் கணக்குல இல்ல.

— நன்றி சார். உங்க ரெண்டு பேர்ல, கடைசியா பிறந்தநாள் வந்தது யாருக்கு?

— பிறந்தநாளா? இது என்ன கூத்து? தேர்தலைப் பத்திக் கேக்கறேன்னுட்டு கேக் வெட்டினது எப்போங்கறீங்க?

— அவங்ககிட்டதான் நான் பேசணும் சார். எந்த வீட்டுக்குப் போன் பண்ணணும்னு கம்ப்யூட்டர் எடுத்துக் குடுத்துடும். வீட்டுக்குள்ள யாருன்னு நாங்களா தேர்ந்தெடுக்கக் கூடாது. போனை எடுக்கறவங்ககிட்டயே பேசிட்டிருந்தா, எப்பவும் போனை எடுக்கறவங்க நினைக்கறதுதான் நாடு நினைக்கறதுன்னு ஆயிடும். அதுக்குத்தான் இந்தப் பிறந்தநாள் ஏற்பாடு.

— அப்ப ஒரு பிரச்சினையும் இல்ல, நான்தான். ஆகஸ்ட் மாசம். என் மச்சான் வந்து தோட்டத்துல சாஸேஜ் சுட்டான், ஒரே அமர்க்களம்.

— மேடத்துக்கு எப்போ சார்?

— அவளுக்கு இன்னும் வரல. அக்டோபர் கடைசி. இன்னைக்குத் தேதி என்ன?

— இருபத்தெட்டு சார்.

— இருபத்தெட்டா?

— ஆமா சார்.

— மேடத்துக்கு என்னைக்கு சார்?

— அவ பிறந்தநாள் போன செவ்வாய்க்கிழமை.

— அப்ப மேடத்துக்குத்தான் கடைசியா வந்திருக்கு.

— செவ்வாய்க்கிழமை நான் கிரீன் பே நகரத்துல இருந்தேன். ஜனாதிபதிக்கு நிக்கறாரே கவர்னர் வின்ஸ்லோ, அவர் கூட்டம். அந்த மனுஷனை அம்பதடி தூரத்துல நின்னு பார்த்தேன். வீட்டுக்கு வந்தா மேஜைமேல எலுமிச்சை கேக் இருந்துச்சு. நான் ரெண்டு துண்டு சாப்பிட்டேன். எதுக்குக் கேக்குன்னு... நான் கேக்கவே இல்லம்மா.

— நான் மேடத்துகிட்ட பேசலாமா சார்?

— இதப் பாரும்மா, நேராப் பேசுவோம். அவ என்ன சொல்லுவாளோ அதை நானே சொல்லிடறேன். கல்யாணமான நாள்லருந்து ஒண்ணா வரிசையில நின்னுதான் ஓட்டுப் போடறோம். எனக்கு என்ன கருத்தோ அதுதான் அவளுக்கும். ரெண்டு பேருக்கும் சேர்த்தே போட்டுக்கோங்க.

— அப்படிப் போட முடியாது சார்.

— அவளுக்கு அரசியல்ல ஆர்வமே கிடையாதும்மா!

— ஆர்வம் இல்லாதவங்க சொல்றதும் வேணும் சார்.

— நான் பேப்பர் மில்லில ஃபோர்மேனா இருந்தவன். எது ஒண்ணுன்னாலும் 'ஆர்டனைக் கேளு'ம்பாங்க. மிஷின் நின்னாலும் ஆர்டனைக் கேளு, சம்பளத்துல குழப்பமா, ஆர்டனைக் கேளு. மில்லை மூடினதுக்கப்புறம் ஒருத்தன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. இந்த வருஷம் ரெண்டு வேட்பாளரோட பேச்சையும் ஒண்ணு விடாம கேட்டு வெச்சிருக்கேன். எல்லாம் தயாரா இருக்கு. நீங்க ஒருத்தர்தான் கேக்க வந்தீங்க. நீங்களும் இப்ப...

— எனக்குப் புரியுது சார். மன்னிச்சிடுங்க. சட்டம் அப்படி.

— சரி, விடுங்க. நான் பேஸ்மென்ட்ல இருக்கேன், வாசல்ல வைக்கற தேர்தல் போர்டுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருந்தேன். அவ மேல சமையல்கட்டுல இருக்கா, அங்க இதே லைன்ல இன்னொரு போன் இருக்கு. மாவிஸ்! ஏ மாவிஸ்! போனை எடு! உனக்குத்தான்!

— எடுத்துட்டேன். யாரு, கரோலா?

— உன் தங்கச்சி இல்ல. கருத்துக்கணிப்பாம். உன்னைத்தான் கேக்கணுமாம்.

— என்னையா? என்னை எதுக்கு?

— அது அவங்க சட்டம். மாவிஸ், அது வந்து...

— என்ன ஆர்டன்?

— ஒண்ணுமில்ல. யோசிச்சு பதில் சொல்லு. எதையாவது உளறி வெக்காத.

— சரி. நீ கீழ போனை வெச்சிடு. பெயிண்ட் கையோட பிடிச்சுட்டு நிக்காத.

— வெச்சிடறேன்.

...

— வணக்கம் மேடம். நான் ரொவீனா, மில்வாக்கியிலருந்து பேசறேன். சார் வெச்சிட்டாருங்களா?

— ம்... வெச்சிட்டார். சொல்லுங்க.

— ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க. லைன்ல வேற யாராவது கேட்டுட்டிருந்தா நான் இந்தப் பேச்சையே தள்ளிடணும். பக்கத்துல ஆள் இருந்தா மனசுல இருக்கறது வெளிய வராதுன்னு எங்க ஆபீஸ்ல ரொம்பக் கண்டிப்பு. நடுவுல இன்னொருத்தர் ஒரு வார்த்தை பேசினாப் போதும், மொத்தமும் குப்பைக்குப் போயிடும்.

— ஒரே ஒரு வார்த்தை பேசினாக் கூடவா?

— ஒரு இருமல் கேட்டாக் கூடத்தான் மேடம். அப்புறம் நீங்க சொன்னது எதுவும் கணக்குல வராது.

— நல்ல சட்டம்தான். எங்க வீட்டுக்கே ஒண்ணு வாங்கி மாட்டலாம். கேளுங்க.

— எந்தக் கேள்விக்கும் சரியான பதில், தப்பான பதில்னு கிடையாது. நான் எழுதியிருக்கறதை அப்படியே வாசிப்பேன், மாத்தி சொல்ல எனக்கு அனுமதி இல்ல. முதல் கேள்வி. பொதுவா, நம்ம நாடு சரியான பாதையில போயிட்டிருக்கா, தவறான பாதையில போயிட்டிருக்கா?

— நாடா? பார்த்துக்கோங்க, எங்க வீட்ல நாடு ஒண்ணுதான் போயிட்டே இருக்கு, மத்ததெல்லாம் நின்னு போச்சு. காலையில காபிக்கு முன்னாடியே டிவி ஆரம்பிச்சிடும். டிவி ஒண்ணு பேசும், இவர் அதுகூட மல்லுக்கு நிப்பார். நான் முட்டை பொரிச்சு வெச்சா அது ஆறிப் போய்க் கிடக்கும்.

— சரியான பாதை, தவறான பாதை... ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும் மேடம்.

— தவறு. தவறுன்னே போடுங்க. நான் இவ்வளவு பேசலாமா? உங்களுக்கு நேரமாகல?

— எங்கிட்ட பேசறவங்களே ரொம்பக் கம்மி. நீங்க பேசுங்க. அடுத்தது. வரப்போற தேர்தல்ல நீங்க ஓட்டுப் போடறது எவ்வளவு உறுதி? நிச்சயமா போடுவேன், அநேகமா போடுவேன், போடலாம் போடாமலும் இருக்கலாம், போட மாட்டேன், ஏற்கெனவே போட்டாச்சு.

— போட்டாச்சு.

— ஏற்கெனவே...? மேடம், ஏதோ தகரம் விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சே.

— வீட்டைச் சூடு பண்ற ஃபர்னஸ்மா. குளிர் வந்துடுச்சில்ல, நேத்துதான் போட்டோம். பழைய சாமான், தடதடங்கும். நீங்க கேளுங்க.

— முன்கூட்டியே ஓட்டுப் போட்டீங்கன்னு குறிச்சுக்கறேன்.

— போன செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு எனக்குப் பிறந்தநாள். எனக்கு நானே ஏதாவது குடுத்துக்கலாம்னு தோணுச்சு. ஸ்வெட்டர் இருக்கு, பூட்ஸ் இருக்கு, வேற என்ன வேணும்? டவுன் ஹாலுக்கு நடந்து போனேன். அங்க இருந்த கிளார்க் பொண்ணு என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'ஆர்டன் வரலையா?' வரலைன்னேன். ஓட்டுச்சீட்டை வாங்கிட்டுப் போய்த் தடுப்புக்குப் பின்னாடி நின்னேன். பக்கத்துல யாரும் இல்ல. ஒவ்வொரு பேரையும் ரெண்டு ரெண்டு தடவை வாசிச்சேன். சந்தோஷத்துலதான்.

— ஜனாதிபதி பதவிக்கு நீங்க ஓட்டுப் போட்டது கவர்னர் வின்ஸ்லோவுக்கா, செனட்டர் ட்ரஸ்கெட்டுக்கா, வேற யாருக்காவதா, இல்ல சொல்ல விருப்பம் இல்லையா?

— கவர்னர் வின்ஸ்லோவுக்கு.

— வின்ஸ்லோ... சரி.

— ஏன் இழுக்கறீங்க? ட்ரஸ்கெட்டுன்னு சொல்லுவேன்னு எதிர்பார்த்தீங்களா?

— நான் எதையும் எதிர்பார்க்கக் கூடாது மேடம்.

— புருஷனுக்குச் சொல்லாம போய்ப் போட்டவ, அவருக்குப் பிடிக்காத ஆளுக்குத்தான் போட்டிருப்பான்னு நினைக்கத் தோணும்ல? இல்லைம்மா. லைப்ரரியில உக்காந்து ரெண்டு பேரோட திட்டத்தையும் படிச்சேன், ஒரு வாரம் ஆச்சு. எங்க ஊர் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டை இழுத்து மூடிட்டாங்க. இங்க ஒரு பொண்ணுக்கு வலி எடுத்தா பனியில கார் ஓட்டிட்டு அடுத்த கவுன்டி ஆஸ்பத்திரிக்கு ஓடணும். போன ஜனவரியில ஒருத்தி கார்லயே பெத்தா. குழந்தை தங்கல. அந்த வார்டுகளை மறுபடி திறக்கப் பணம் ஒதுக்கறேன்னு வின்ஸ்லோ எழுதியிருக்கார், கடைசிப் பக்கங்கள்ல. ஆர்டன் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சிட்டேம்பார். அந்தப் பக்கத்தை அவர் படிச்சதே இல்ல.

— சார் வேற காரணத்துக்காகப்... மன்னிச்சிடுங்க மேடம், அது கேள்வியில இல்ல.

— அவர் மில்லுக்காகப் போடறார். மில்லைத் திறக்கறேன்னு வின்ஸ்லோ மேடையில சொல்றாராம். அது திறக்காதும்மா. மிஷினையெல்லாம் கழட்டி வித்துட்டாங்க, அவருக்கும் அது தெரியும். தெரிஞ்சும் நம்பறார். அதைக் கேலி பண்ண எனக்கு மனசு வராது. நாங்க ரெண்டு பேரும் ஒரே பேருக்குத்தான் போடறோம். ஆனா நான் போட்டது என் ஓட்டு. அவர் என்னை ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், சந்தோஷப்பட்டுக்கூட இருப்பார். கேக்கல.

— முன்கூட்டியே ஓட்டுப் போட்டதுக்கு முக்கியக் காரணம் என்ன? வசதியா இருந்துச்சு, கூட்டத்தைத் தவிர்க்க, வேலை நேரம் ஒத்து வரல, தேர்தல் அன்னைக்கு ஊர்ல இருக்க மாட்டேன், வேற காரணம்.

— கடைசிக்கு முன்னாடி சொன்னது.

— ஊர்ல இருக்க மாட்டேன். பயணமா மேடம்?

— சனிக்கிழமை சுப்பீரியர்ங்கற ஊருக்குப் போறேன். என் தங்கை கரோல் அங்க நூல் கடை வெச்சிருக்கா. கடைக்கு மேல ஒரு ரூம் சும்மாத்தான் இருக்கு. ஜன்னலைத் திறந்தா ஏரி தெரியும்.

— எத்தனை நாளைக்கு?

— திரும்பி வர்றதுக்குப் பஸ் டிக்கெட் எடுக்கலம்மா.

— மேடம், அப்ப நீங்க...

— அடுத்ததைக் கேளுங்க, நின்னா எனக்குத் தைரியம் போயிடும்.

— சரி. இந்த நாட்டுக்கு முன்னால இருக்கற ரொம்ப முக்கியமான பிரச்சினைன்னு நீங்க எதை நினைக்கறீங்க? இதுக்கு நான் பட்டியல் வாசிக்க மாட்டேன். உங்க வாயால நீங்க சொல்லணும், சொல்றதை அப்படியே டைப் அடிப்பேன்.

— யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கறதில்ல.

— அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியுமா? இதுவும் நான் வாசிக்க வேண்டியதுதான்.

— விளக்கறதுக்கு என்ன இருக்கு? இப்போ மீனை எடுத்துக்கோங்க. கல்யாணமான புதுசுல, வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு சப்பர் கிளப்னு ஒரு ஹோட்டலுக்குப் போனோம். ஆர்டர் எடுக்கற பொண்ணு வந்து என்னைப் பார்த்தா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவர், 'அவளுக்குப் பெர்ச் மீன்'னுட்டார். அன்னைக்கு அது எனக்குப் பெருமையா இருந்துச்சு, நம்மளை எவ்வளவு பார்த்துக்கறார்னு. அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 'அவளுக்குப் பெர்ச்'. ஒரு கட்டத்துல அந்தப் பொண்ணுங்க என் பக்கம் திரும்பறதையே விட்டுட்டாங்க. எனக்குப் பெர்ச் பிடிக்காதும்மா. அந்த முள்ளும் வாடையும்... ஒரு நாளும் பிடிச்சதில்ல. இத்தனை வருஷம் தின்னிருக்கேன். ஐயோ, இதையெல்லாமா டைப் அடிக்கறீங்க?

— அப்படியே அடிக்கணும் மேடம். 'முள்ளும் வாடையும்' வரைக்கும் வந்துட்டேன்.

— போகட்டும், இருக்கட்டும். தலைநகர்ல யாராவது படிச்சுப் பார்க்கட்டும். டாக்டர்கிட்ட போனாலும் இதே கதைதான். டாக்டர் என்னைப் பார்த்து 'வலிக்குதா'ன்னு கேப்பார். இவர் 'அவ தாங்குவா'ம்பார். தாங்கினேன்தான். ஆனா வலிச்சுது. அதைச் சொல்ல இடமே கிடைக்கல.

— உங்களுக்கு உடம்புக்கு என்ன மேடம்... இல்ல, வேண்டாம். இதுவும் கேள்வியில இல்ல.

— மார்புல கட்டி. ரேடியேஷன் குடுத்தாங்க. இப்போ ஒண்ணும் இல்ல. இதையும் சேர்த்து அடிச்சுக்கோங்க, இல்லைன்னா அநியாயமாப் போயிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து வாசல் பனியை வழிச்சு, காரைச் சூடு பண்ணி, சீட்டுல கம்பளி விரிச்சு வெச்சிட்டுத்தான் என்னை எழுப்புவார். ஒரு நாள் கூட முகம் சுளிச்சதில்ல. கெட்ட மனுஷன் இல்லம்மா. அதுதான் கஷ்டம். கெட்டவரா இருந்தா நான் எப்பவோ போயிருப்பேன்.

— கொஞ்சம் மெதுவா மேடம். 'எப்பவோ போயிருப்பேன்.' ஆச்சு. அடுத்த கேள்வி. உங்களுக்கு யாருக்கு விருப்பம்ங்கறதை விட்டுடுங்க. உங்க அக்கம்பக்கத்துல, உங்களுக்குத் தெரிஞ்சவங்க பெரும்பாலும் யாருக்குப் போடுவாங்கன்னு நினைக்கறீங்க?

— இதை முன்னாடி கேட்டிருந்தா வீடு வீடா சொல்லியிருப்பேன். இப்ப யாரும் வர்றதில்ல. எங்க வாசல்ல வெச்சிருந்த வின்ஸ்லோ போர்டு கதவைவிடப் பெருசு. அது காத்துல விழுந்துடுச்சுன்னு கீழ உக்காந்து அதைவிடப் பெருசா ஒண்ணு அடிச்சிட்டிருக்கார். எதிர்வீட்டு லிண்ட்குவிஸ்ட் ட்ரஸ்கெட்டோட போர்டை வெச்சதுலருந்து அவங்ககூடப் பேச்சு கிடையாது. முப்பது வருஷம் ஒண்ணா மான் வேட்டைக்குப் போனவங்க. வசந்தத்துல லிண்ட்குவிஸ்ட்டோட சம்சாரம் இறந்து போனா. இவர் போகல. ஜன்னல்ல நின்னு பார்த்தார், கார் எல்லாம் வந்து நிக்கறதை. உள்ளுக்குள்ள அழுதார், எனக்குத் தெரியும். ஆனா போகல. நான் ஒரு கேசரோல் சாப்பாடு செஞ்சு, பின்பக்கமாப் போய்ப் படியில வெச்சிட்டு வந்தேன், திருடி மாதிரி.

— தெரியாதுன்னு போட்டுக்கட்டுமா?

— தெரியாதுன்னே போடுங்க. அதுதான் உண்மை.

— நாலு வருஷத்துக்கு முன்னாடி இருந்ததைவிட நீங்க இப்போ நல்லா இருக்கீங்களா, மோசமா இருக்கீங்களா, அப்படியேதானா?

— பணத்துலயா?

— கேள்வியில அதைச் சொல்லல மேடம். எப்படி எடுத்துக்கறீங்களோ அப்படி.

— நாலு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு மில்லு இருந்துச்சு. சாயந்திரம் வந்து ஷூவைக் கழட்டிட்டு அன்னைக்கு யார் என்ன கேட்டா, இவர் என்ன சொன்னார்னு சொல்லிட்டே இருப்பார். எனக்கு அது பிடிக்கும். அந்த மனுஷன் வீட்டுக்கு வர்றதை நிறுத்திட்டார். இங்க இருக்கறது வேற யாரோ. மோசம்னு போடுங்க. அவருக்கும் மோசம்தான், ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட இடம் இருந்தாப் போடுங்க.

— ஒருத்தருக்குத்தான் மேடம்.

— அதுவும் சரிதான். இன்னைக்குன்னு பார்த்து அவரை மாதிரியே நானும் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன் பாருங்க.

— நீங்க சொல்றது உங்களுக்கு மட்டும் இல்ல மேடம். உங்க வயசுல, உங்களை மாதிரி ஊர்ல இருக்கற ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில் நிக்கும்.

— ஆயிரம் பேரா! எனக்காகவே நான் இன்னைக்குத்தான் நிக்கறேன்.

— வயசும் படிப்பும் சொல்லிட்டீங்கன்னா கிட்டத்தட்ட முடிஞ்சுடும்.

— அறுபத்தேழு. போன செவ்வாய்க்கிழமைலருந்து. பள்ளிக்கூடத்தோட சரி.

— நன்றி. மேடம், இது இதுல இல்லாத ஒரு கேள்வி. கேக்கக் கூடாது, என் வேலைக்கே ஆபத்து. கேக்கட்டுமா?

— கேளும்மா. நீங்க ஒருத்தர்தானே கேக்கறீங்க.

— சனிக்கிழமை போறது சாருக்குத் தெரியுமா?

— எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். நான் 'ஆர்டன், எனக்கு என்னவோ...'ன்னு ஆரம்பிச்சா, அவர் 'தெரியும் தெரியும், உனக்கு அசதி'ன்னு முடிச்சிடுவார். ஒரு வாக்கியம் முழுசா முடிக்க விட்டதில்லம்மா. சீட்டு எழுதி வெச்சிட்டுப் போற பொம்பளை நான் இல்ல. மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னா அவர் வாயை மூடிட்டுக் கேக்கணும். அது எங்க நடக்கப் போகுதுன்னு இருந்தேன். இன்னைக்குத்தான் ஆரம்பிச்சதை எல்லாம் முடிச்சிருக்கேன்.

— என்கிட்ட சொல்லிட்டீங்க. அவர்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க?

— சொல்லிடுவேன். அதைப் பத்தி எனக்கு இப்போ கவலை இல்ல. நான் சொன்னது உங்க கணக்குல நிக்குமில்ல? தள்ளிட மாட்டீங்களே?

— யாரும் குறுக்க பேசலயே மேடம். ஒரு வார்த்தை கூட இல்ல. நிக்கும்.

— ஆமா. ஒரு வார்த்தை கூட இல்ல.

— கடைசிக் கேள்வி. இப்போ உங்க நிலை என்ன? திருமணமானவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்து ஆனவர், துணையை இழந்தவர், திருமணமே ஆகாதவர்.

— இதைப் போய்க் கடைசியில வெச்சிருக்காங்களே.

— எப்பவும் கடைசியிலதான் மேடம். யாருக்கும் கஷ்டமா இருக்காதுன்னு நினைச்சு வெச்சது.

— இன்னைக்குத்தானே கேக்கறீங்க? சனிக்கிழமை இல்லையே?

— இன்னைக்கு.

— இன்னைக்கு, திருமணமானவர்.

— போட்டுட்டேன். எல்லாம் முடிஞ்சுது. உங்க நேரத்துக்கு ரொம்ப நன்றி. இது நான் வாசிக்க வேண்டியது. இனி வாசிக்காதது. தாமதமானாலும் பிறந்தநாள் வாழ்த்து, மாவிஸ்.

— ரொம்ப நன்றி ரொவீனா. இந்த வருஷம் அதைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான். வைங்கம்மா. அடுத்த வீட்லயாவது உங்களைத் திட்டாம பேசட்டும்.

...

— வெச்சிட்டாங்க, ஆர்டன். நீ கீழ போனை வைக்கவே இல்லைன்னு எனக்கு முதல்லருந்தே தெரியும். இப்போ நீ பேசலாம்.